நான் துடைத்த தரை

மதுரையில் பனி கொட்டியதைக் கண்ணால் பார்த்தவன் நான். சிரிக்காதீர்கள். ஓடுபாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று பனி, அதற்கு நடுவே பனைமரங்கள். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை, சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் என் வீட்டு முன்னறையில், பழைய கம்ப்யூட்டர் திரையில் அதைப் பார்த்தேன். ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற அந்த விளையாட்டைச் செய்தவர்கள் ஊரில் வருஷத்துக்கு ஐந்து பருவமாம். ஒவ்வொரு பருவத்துக்கும் தரையைத் தனித்தனியாக வரைந்து வைக்க வேண்டும். நான் குளிர்காலத் தரையை வைக்காமல் விட்டிருந்தேன். அது பாட்டுக்குத் தன்னிடமிருந்த பனியை எடுத்துக் கொட்டிவிட்டது. எங்கள் பக்கம் ஏது ஐந்து பருவம்? வெயில், கொடும் வெயில், தீபாவளி சீசன். மூன்றே மூன்றுதான்.

அப்போது சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். காலண்டர் சாமிகளுக்குக் கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றுவது, வெடிப்பெட்டி லேபிளில் பூப்பூவாக நெருப்பை வரைவது, இதுதான் பிழைப்பு. விமானத்தில் ஏறியதில்லை. இன்றுவரை இல்லை. ஆனால் மதுரையில் ஒரு கடையில் வாங்கிய சிடியால் விமானம் ஓட்டும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கல்யாணம் ஆகாதவன், குடி இல்லை, சீட்டு இல்லை. அம்மாவுக்கு அந்த மட்டில் நிம்மதி.

பழைய சிமுலேட்டருக்கு மதுரை விமான நிலையத்தை யாரோ ஒரு புண்ணியவான் செய்து இணையத்தில் சும்மாவே போட்டிருந்தான். கச்சிதமாக இருந்தது. பிறகு புதுச் சிமுலேட்டர் வந்தது. அதில் மதுரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கோடும் நாலு பெட்டியும்தான். சரி, பழையதைத் தூக்கிப் புதியதில் வைத்தால் போச்சு என்று இறங்கினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பழையதுக்குப் பூமி தட்டை, புதியதுக்கு மேடு பள்ளம் உண்டு. அப்படியே வைத்ததும் ஓடுபாதை குழிக்குள் இறங்கிவிட்டது. கட்டடம் ஆள் உயரத்துக்கு அந்தரத்தில் நின்றது. தரையில் ஒட்டிய படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து, சாகப்போகிற ட்யூப் லைட் மாதிரி வெட்டி வெட்டி மினுக்கின. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு கறுப்புக் கட்டம்.

எனக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது. ஏழெட்டு மாதம் அதிலேயே கிடந்தேன். வேலை விட்டு வந்ததும் ஒரு படம், ஞாயிற்றுக்கிழமை நாலு படம். மரத்தைச் சுற்றியிருந்த கறுப்பை வெறும் காற்று என்று சிமுலேட்டர் புரிந்துகொள்ளும்படி மாற்றினேன். தரைப் படங்களை எது மேலே எது கீழே என்று அடுக்கி மினுக்கலை நிறுத்தினேன். ஓடுபாதையைக் குழியிலிருந்து தூக்கினேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு பாவமும் வந்திருக்காது.

எதிர்வீட்டு அண்ணன்தான் அடுத்ததுக்குக் காரணம். சொந்த அண்ணன் இல்லை, பழக்கத்தில் அண்ணன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வானத்தில் போய்ப் பூவாக விரிகிற பேன்சி வெடிக்கு மருந்து அடைக்கிற வேலை. என்னதான் தேய்த்துக் குளித்தாலும் அவர் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னும். பொழுது சாய்கிற நேரத்தில் வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பைலட்டுக்கே வாத்தியார் மாதிரி அதட்டுவார். “இறக்குலே, இறக்குலே! ஏலே, மாட்டு வண்டியாலே ஓட்டுற? மூக்கைத் தூக்கு!” நான் விழுந்து நொறுங்கினால் அப்படிச் சிரிப்பார். அவர் மனைவியை நான் மதினி என்பேன். அந்த அம்மா வீட்டில் இருந்தபடி வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுக்கும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள். அவ்வளவுதான் குடும்பம்.

ஒருநாள் அண்ணன் சொன்னார். “மதுரையவே காட்டிக்கிட்டு இருந்தா எப்படிலே? நம்ம வெம்பக்கோட்டை டேமைக் காட்டு. மேல இருந்து எம்புட்டு இருக்குன்னு பாப்பம்.”

அப்போதுதான் வானத்திலிருந்து எடுத்த படங்கள் இணையத்தில் கிடைக்கத் தொடங்கியிருந்தன. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து துண்டு துண்டாக எடுத்து, வீட்டில் வைத்து ஒட்டி, மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம், விருதுநகர், சிவகாசி, வெம்பக்கோட்டை என்று தரை விரித்தேன். முதல் தடவை அணைக்கு மேலே பறந்தபோது அண்ணன் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தார். பிறகு எழுந்து வந்து திரையில் விரலை வைத்தார்.

“இந்தா இதான் தாயில்பட்டி ரோடு. இதுல உள்ள போனா எங்க கம்பெனி. ரூமெல்லாம் வரிசையாத் தெரியுதா? அந்தா, வேலிக்கு வெளிய ஒத்தையா வெள்ளையா ஒண்ணு நிக்குதுல்ல, அதாம்லே நான் வேலை பாக்குற செட்டு.”

“வேலிக்கு வெளியவாண்ணே?”

“மெதுவாச் சொல்லுலே! லைசென்ஸ்ல இல்லாதது. சீசனுக்கு ரூம் பத்தலைன்னு முதலாளி போட்டது. ஆபீசர் வந்தா பூட்டிருவாக, போனா திறந்துருவாக.” சொல்லிவிட்டு மறுபடி குனிந்து பார்த்தார். “அரிசி மணியாட்டம் இருக்கு. இதுக்குள்ளயாலே பகல் முச்சூடும் கிடக்கேன்?” அன்று வீட்டுக்குப் போய் மதினியிடமும் சொல்லியிருக்கிறார், தம்பி நம்ம செட்டை ஆகாயத்திலிருந்து காட்டிச்சு என்று. மறுநாள் மதினி என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தது.

நான் செய்த மதுரையை உலகத்துக்குக் கொடுக்க வேண்டாமா? சிமுலேட்டர்க்காரர்கள் கூடிப் பேசுகிற தளம் ஒன்று இணையத்தில் இருந்தது. வெளியிடுவதற்கு முன்னால் அங்கே பழக்கமான ஒரு வெளிநாட்டு ஆளுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். அவன் பதில் எழுதினான். ஓடுபாதை பிரமாதம், ஆனால் தெற்கே போகப் போகத் தரை முழுக்கத் தூசி, வெள்ளை வெள்ளையாக, ஸ்கேனரைத் துடைக்கவில்லையா என்று கேட்டிருந்தான்.

சுருக்கென்று தைத்தது. தூசி என்று என்னைப் பார்த்தா சொன்னான்? எங்கள் தொழிலில் அதைவிட வசவு கிடையாது. அச்சகத்தில் சேர்ந்தவனுக்கு முதல் மூன்று மாதம் வேறு வேலையே இல்லை, ஸ்பாட் எடுப்பதுதான். ஃபிலிமை ஸ்கேன் செய்யும்போது ஒட்டிக்கொண்ட தூசி, திரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பக்கத்தில் உள்ள நிறத்தைக் கொஞ்சம் எடுத்து அதன்மேல் அப்பினால் புள்ளி மறைந்துவிடும். அம்மன் நெற்றியில் ஒரு புள்ளி நின்றுவிட்டால் அத்தனை காலண்டரும் போச்சு. பத்து வருஷம் இதையே செய்த கைக்கு, வெள்ளைப் புள்ளி என்றாலே எறும்பைக் கண்ட மாதிரி ஒரு நமைச்சல்.

அந்தப் புள்ளிகள் என்ன என்று எனக்குத் தெரியாதா? பட்டாசு ரூம்கள். ஒன்று வெடித்தால் இன்னொன்று பற்றக் கூடாது என்று கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டி, வெள்ளையடித்த ரூம்கள். எல்லாம் தெரிந்துதான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து துடைத்தேன். தாயில்பட்டி துடைத்தேன், வெம்பக்கோட்டை துடைத்தேன், என் சொந்த ஊர் விஸ்வநத்தத்தையும் விட்டுவைக்கவில்லை. அண்ணனுடைய செட்டு வந்தபோது கை ஒரு நொடி தயங்கியது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தயங்கவில்லை. பக்கத்துக் கரிசலை எடுத்தேன், அப்பினேன், அடுத்த புள்ளிக்குப் போய்விட்டேன்.

பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்தேன். இதுவும் அச்சகத்துப் புத்திதான். ஒரு தடவை திருத்தாத பழைய ஃபைல் அச்சுப் பிளேட்டுக்குப் போய், ஒரு லோடு லேபிள் குப்பைக்குப் போனது. அதிலிருந்து ஃபைனலைத் தவிர எதையும் வைக்கக் கூடாது என்று முதலாளி உத்தரவு. ஃபைனல் வந்ததும் மற்றதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். ஒட்டுவதற்காக எடுத்த துண்டுப் படங்களையும் வீட்டில் அப்படியே அழித்தேன். பிறகு மதுரையைத் தளத்தில் போட்டேன். எங்கெங்கோ இருந்து பாராட்டு வந்தது. தரை இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று அந்த வெளிநாட்டுக்காரன் எழுதினான். தலை கால் புரியாமல் திரிந்தேன்.

அண்ணன் அந்தத் தரையைப் பார்க்கவே இல்லை. சீசன் தொடங்கிவிட்டது. விடியுமுன் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு இறக்கிவிடும். ஸ்டூல் சும்மாவே கிடந்தது.

வெடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். அச்சகத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்கமாட்டோம், எந்தப் பக்கம் என்றுதான் கேட்போம். எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடினோம். வெம்பக்கோட்டைப் பக்கம் புகை. வீட்டுக்கு வந்தபோது தெருவில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு வேனாக வர, தன் ஆள் இறங்கியதும் அந்தப் பெண் வீட்டுக்குள் போய்விடுவாள். நிற்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் மதினியும் மகளும் மட்டும் நின்றார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில், இடுப்புக் கயிற்றில் கிடந்த வீட்டுச் சாவியை வைத்துத்தான் அண்ணனை அடையாளம் சொன்னது மதினி. மற்றவர்கள் சாப்பிடுவதற்கு வேப்பமரத்தடிக்குப் போயிருக்கிறார்கள். இவர் மட்டும் அடைத்த மருந்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று செட்டிலேயே இருந்திருக்கிறார். ஐயோ அண்ணே, சோறு உண்ணப் போயிருக்கக் கூடாதா?

மூன்றாம் நாள் சைக்கிளில் அந்த இடத்துக்குப் போனேன். செட்டு இருந்த தடமே இல்லை. வெடித்த அன்றே ஜேசிபி விட்டு இடிபாட்டை அள்ளி, மறுநாள் டிராக்டர் விட்டு உழுதும் போட்டிருந்தார்கள். அது எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. போலீஸ் மதினி வீட்டுக்கு வந்தபோதுதான் விளங்கியது. கம்பெனி சொல்லிவிட்டது, வேலிக்கு வெளியே எங்களுக்குச் செட்டே கிடையாது, அந்த ஆள் எங்களிடமிருந்து மருந்தைத் திருடி, தரிசுக் காட்டில் தன் கணக்குக்குத் திருட்டு வெடி போட்டிருக்கிறான், வெடித்துச் செத்தான் என்று. செத்தவர் முதல் குற்றவாளி. வீட்டில் குழாய் உருட்டிக் கொடுத்த மதினி இரண்டாவது குற்றவாளி. தெருவே பார்க்க, கட்டிலுக்கடியில் கிடந்த காகிதக் குழாய்களைச் சாட்சி என்று சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குழாயை உருட்டக் கொடுத்ததே அந்தக் கம்பெனிதான். என்ன அக்கிரமம் பாருங்கள்!

கூட வேலை பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நாளைக்கும் அதே வேனில்தான் ஏற வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

விருதுநகர் கோர்ட்டில் மதினிக்கு ஒரு வக்கீல் கிடைத்தார். அங்கே செட்டு இருந்தது என்பதற்கு ஒரு போட்டோ இருந்தால் போதும், கேஸைத் திருப்பிவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மதினிக்கு உடனே என் நினைவு வந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் வீட்டுக்கு வந்தது. அந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக முகத்தில் கொஞ்சம் தெளிச்சி.

“தம்பி, அன்னைக்கு அவருக்குக் காட்டுனீகளே, ஆகாயத்துல இருந்து எடுத்த படம், அது இருக்குல்ல? அதுல செட்டு தெரிஞ்சுச்சுன்னு சொன்னாரே. அது போதுமாம். நிவாரணம் கெடக்கட்டும் தம்பி, அது வந்தா வருது, வராட்டிப் போகுது. திருட்டு வெடி போட்டவன் மகள்னு எம் பிள்ளைய எவளும் சொல்லிறக் கூடாது.”

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். “தேடிப் பாக்கேன் மதினி” என்றேன்.

தேடினேன். தேடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்தேன். நான் அழித்தால் சுத்தமாக அழிப்பவன், ஒன்றும் மிஞ்சவில்லை. பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். படம் எடுத்த தளத்தில் அந்தப் பகுதிக்குப் புதுப் படம் மாற்றிவிட்டார்கள், முன்னதைவிடத் தெளிவானது. உழுத சால் வரிவரியாகத் தெரிந்தது, செட்டு இல்லை. வெளிநாட்டுக்காரனுக்கு எழுதினேன், நான் முதலில் அனுப்பிய தூசிப் படம் இருக்கிறதா என்று. நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. புதியது வந்ததும் பழையதை எடுத்துவிட்டேன், உன்னுடைய புதிய தரை எவ்வளவோ மேல், எதற்குப் பழையதைக் கேட்கிறாய் என்று எழுதியிருந்தான். என் மதுரையை இறக்கி வைத்திருந்த அத்தனை பேரிடமும் செட்டு இல்லாத வெம்பக்கோட்டைதான் இருந்தது. கம்பெனியாவது ஓர் இடத்தில்தான் இடித்தது.

பிறகு ஒரு காரியம் செய்தேன். செட்டைத் திரும்ப வரைந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒட்டினாற்போல நாலு வெள்ளைப் புள்ளி, கீழே ஒரு கீற்று நிழல், பக்கத்தில் ஒற்றையடிப் பாதை. அச்சு அசல். இதை வக்கீலிடம் கொடுத்தால் என்ன? அதுவும் உண்மைதானே, அங்கே செட்டு இருந்தது உண்மைதானே? ஆனால் கூண்டில் ஏற்றி, தம்பி நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது. படத்தில் இருப்பதை அழிப்பதும் இல்லாததை வரைவதும்தான் என் வேலை. உள்ளதும் போச்சு என்று மதினி கேஸ் அதோடு படுத்துவிடும். அதையும் அழித்தேன்.

இதைச் சொல்லிவிட்டு, நான் ஏதோ நியாயஸ்தன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. படம் இல்லாவிட்டால் என்ன, எனக்கு வாய் இருந்ததே? அண்ணன் எனக்குக் காட்டினார், நான் பார்த்தேன், பிறகு நான்தான் துடைத்தேன் என்று கோர்ட்டில் போய்ச் சொல்லியிருக்கலாமே? வக்கீல் அதை எப்படியாவது பயன்படுத்தியிருப்பார். சொல்லவில்லை. அந்தக் கம்பெனியின் லேபிள் ஆர்டர் முழுக்க எங்கள் அச்சகத்துக்குத்தான் வரும். அந்த வாரம் அச்சக முதலாளி என்னைக் கூப்பிட்டு, “உங்க எதிர்வீடாமே? பாவம்தான். நமக்கு எதுக்குப்பா வம்பு, நாம நம்ம வேலையப் பாப்போம்” என்றார். மிரட்டவில்லை, தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பயந்தாங்கொள்ளிப் பயல் நான், வேறென்ன சொல்ல.

படம் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். மதினி அதோடு விடவில்லை. தன் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிட்டது. அண்ணன் உட்காரும் ஸ்டூலைக் காட்டாமல், நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அப்போதெல்லாம் தினமும் மின்வெட்டு. கரண்ட் போய்த் தொலையாதா என்று வேண்டினேன். வேண்டாத நேரமெல்லாம் போகிற சனியன், அன்றைக்குப் போகாமல் நின்று விளையாடியது.

நேரே வெம்பக்கோட்டைக்கு மேலே போய் நிற்க ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். நான் தட்டவில்லை. மதுரையில் விமானத்தை ஏற்றி, மெதுவாகத் தெற்கே ஓட்டினேன். திருமங்கலம் வந்தது. விருதுநகர் வந்தது. மதினி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. “எம்புட்டுச் சுத்தமா இருக்கு தம்பி நம்ம பக்கம்!” என்றது. வழி நெடுக, சொல்லிவிடு சொல்லிவிடு என்று உள்ளுக்குள் ஒருத்தன் கத்திக்கொண்டுதான் இருந்தான். சிவகாசியைத் தாண்டியும் நான் வாயைத் திறக்கவில்லை.

அணை வந்தது. மதினி எழுந்து கிட்டத்தில் வந்தது. ரோட்டைக் கண்டுபிடித்துவிட்டது, கண்மாய்க் கரையைக் கண்டுபிடித்துவிட்டது. விரல் அந்த இடத்தில் போய் நின்றது.

“இங்கனதான். இங்கனதானே தம்பி? வேப்பமரம் அந்தா இருக்கு.” கொஞ்ச நேரம் பார்த்தது. “செட்டு எங்க?”

விமானம் தாண்டிப் போய்விட்டது. திருப்பிக் கொண்டுவந்தேன். மறுபடியும் அதே கரிசல் காடுதான், ஒரு புள்ளிகூட இல்லாமல். என் கைவேலை அவ்வளவு நேர்த்தி.

“இது ரொம்பப் பழைய படம் மதினி” என்றேன். “செட்டு போடுறதுக்கு முந்தியே எடுத்தது.”

“அப்ப அவரு பாத்தேன்னு சொன்னது?”

“வேற எதையாவது பாத்துட்டு அதுன்னு நினைச்சிருப்பாரு.”

“இல்ல தம்பி, அரிசி மணியாட்டம் இருந்துச்சுன்னாரு. வேலிக்கு வெளிய ஒத்தையா இருந்துச்சுன்னாரு. நீங்களும் கூட இருந்தீகள்ல?”

“எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்ல மதினி.”

சொல்லிவிட்டேன். வாய் கூசாமல் சொன்னேன். மதினி என் முகத்தைப் பார்த்தது, திரையைப் பார்த்தது, மறுபடி என் முகத்தைப் பார்த்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அம்மா என்னைச் சந்தேகப்படவே இல்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டது.

“அப்ப அவுக சொல்றதுதான் நெசமா தம்பி? எங்கிட்டயே மறச்சு, தனியா வெடி போட்டுக்கிட்டு இருந்தாரா?”

போலீஸ் நம்பவில்லை, ஊர் நம்பவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று அதையெல்லாம் தாங்கிக்கொண்டு, அவரை நம்பி மிச்சம் இருந்த ஒரே ஆள் இந்த அம்மாதான். என் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார்கள். மதினி குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்து, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றது. குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று சொன்னார்களாம். முந்தின நாள் கோர்ட்டில் ஒத்துக்கொண்டுவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போகிறதாம், சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்ததாம்.

“இல்லாத செட்டுக்கு எம்புட்டு நாளைக்குத் தம்பி சண்டை போடுறது? பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன், உங்கப்பா செஞ்சது தப்புத்தான் தாயி, யாரும் கேட்டா தலையக் குனிஞ்சுக்கன்னு.”

“சரி மதினி” என்றேன்.